கச்சேரி முடிந்தது, கணக்கு முடிந்ததா?

“பாட்டுக்காரருக்கு இவ்வளவா?”

மீலாது விழாக் குழுக் கூட்டங்களில் நாம் பன்முறை செவியுற்ற கேள்வி இது. பந்தல் போடுபவர் கேட்கும் தொகையைக் கண்டு எவரும் வியப்பதில்லை. ஆட்டிறைச்சியின் விலை ஏறிவிட்டதென்றால், ‘என்ன செய்வது, காலம் அப்படி’ என்று பெருமூச்செறிந்து தலையசைக்கிறோம். தெருமுழுதும் தொங்கும் வண்ண விளக்குகளுக்கும், பிரமுகர்களின் படம் தாங்கிய வரவேற்புத் தட்டிகளுக்கும் கேட்ட பணம் கேட்டபடியே எண்ணிக் கொடுக்கப்படுகிறது. இன்னிசைக் குழுவின் பெயர் வந்ததும்தான் நம் கனவான்கள் நிமிர்ந்து உட்காருகின்றனர். பொதுப்பணத்தைக் காக்க வேண்டுமென்ற பொறுப்புணர்ச்சி அங்கேதான் அவர்களுக்குத் திடீரென்று பொங்கி எழுகிறது. “நானா நம்ம ஆளுதானே, சொன்னால் கேட்டுக்குவார்” என்று ஒருவர் கூற, கூட்டம் அடுத்த பொருளுக்குச் சென்றுவிடுகிறது.

நாம் இங்கே வழக்காட வந்திருப்பது அந்த நானாவுக்காகத்தான். இஸ்லாமியப் பாடல்களை மேடைதோறும் பாடிவரும் இன்னிசைக் குழுக்களின் முன்னணிப் பாடகர்களைப் பற்றிப் பேசுகிறோம். அவர்களுள் பெயர் பெற்றோர் சிலர். பெயர் பெறாமலேயே தொண்டை தேய்ந்தோர் பலர். பாடியவரின் பாட்டைக் கேட்டுத் தலையாட்டிய நாம், அவர் படும் பாட்டைக் கேட்டோமில்லை என்பதே நம் குற்றச்சாட்டு. குற்றவாளிக் கூண்டில் நாமும் நிற்கிறோம் என்பதை முன்னதாகவே சொல்லிவிடுகிறோம். எப்படி என்பதைப் பின்னர்க் காண்போம்.

குழு என்பது என்ன? ஆர்மோனியம், தபேலா, டோலக், பாங்கோஸ், மாண்டலின் என்று ஒரு காலம் இருந்தது. பின்னர்க் கீபோர்டு வந்து ஆர்மோனியத்தை ஓரங்கட்டியது. ரிதம் பேட் வந்து தாளக்கருவிகள் இரண்டு மூன்றை விழுங்கியது. அப்படியிருந்தும், உடன் பாடுவோர் இருவர், வாத்தியக்காரர் நால்வர் ஐவர், வேன் ஓட்டுபவர் ஒருவர் என ஏழெட்டுப் பேர் இல்லாமல் மேடை நிறையாது. சுவரொட்டியில் ஒரு முகம். அதன் பின்னே எட்டு வீட்டு அடுப்புகள். பேசிய தொகையில் விழாக் குழு கைவைக்கும்போது, முன்னணிப் பாடகர் என்ன செய்வார்? வாத்தியக்காரரின் கூலியைக் குறைத்தால், அடுத்த வாரம் தபேலாக்காரர் வேறொரு குழுவின் மேடையில் அமர்ந்திருப்பார். குறைக்காவிட்டால், பாடகரின் வீட்டில் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் நிற்கும். வேன் வாடகை குறையாது, டீசல் குறையாது. குறைவது ஒன்றே ஒன்றுதான்: பாடியவர் எடுத்துச் செல்வது. எல்லாரையும் விட உயரமான இடத்தில் நிற்பவர் எல்லாரையும் விடக் கடைசியாகக் கூலி பெறுகிறார் என்பதை முன் வரிசையில் அமர்ந்து ரசிக்கும் பெருமக்கள் அறியமாட்டார்கள்.

இப்போது புதிதாக ஒரு யோசனை வேறு கூறுகின்றனர். “வாத்தியக்காரர் எதற்கு? பதிவு செய்த இசையை ஓடவிட்டு நீங்கள் மட்டும் வந்து பாடிவிடுங்களேன்!” இதைச் சிக்கனம் என்கிறார்கள். எட்டுப் பேரின் பிழைப்பில் ஏழு பேரின் பிழைப்பைத் துண்டித்துவிட்டு, எஞ்சிய ஒருவரிடமும் பேரம் பேசுவதற்கு வேறு பெயர் நமக்குத் தெரியும். எழுத வேண்டாமென்று விடுகிறோம்.

பருவத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உழவனுக்கு ஆடியும் தையும் ஆண்டுதோறும் அதே இடத்தில் வருகின்றன. இஸ்லாமியக் கச்சேரிப் பாடகருக்கோ பருவம் பிறையைப் பின்பற்றி நகர்வது. ரபீவுல் அவ்வலில் மீலாது மேடைகள். நாகூர் கந்தூரி ஜமாதுல் ஆகிரில். இடையிடையே நிக்காஹ் இல்லங்கள். ரமலான் முழுவதும் மேடை இல்லை. ஹிஜ்ரி ஆண்டு கதிரவ ஆண்டைவிடப் பதினொரு நாள் வரை குறைவாதலால், இப்பருவம் கோடையினின்று மழைக்கும் மழையினின்று கோடைக்கும் மெல்ல நகர்ந்து கொண்டேயிருக்கும். 2018 முதல் 2022 வரை ஐந்து ஆண்டுகளும் மீலாது அக்டோபர், நவம்பர் மாதங்களில் வந்தது. நம் கடற்கரை ஊர்களில் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். 2018இல் மீலாதுக்கு ஐந்தே நாள் முன்னதாக, நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்த அந்த வாரத்தில் எவர் மேடை போடுவார்? 2020இலோ கொள்ளை நோயும் ஊரடங்கும் மார்ச் மாதம் தொடங்கி மேடை என்ற சொல்லையே துடைத்துவிட்டன. தென்னை இழந்தவருக்கு நிவாரணம் என்ன என்று ஊர் கூடிப் பேசியது, முறையே அது. மேடை இழந்தவரைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் எவரும் வாய் திறந்ததாக நாம் அறியோம். விழா நின்றுபோனால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டுத் தொலைபேசி வரும். அது மட்டும் தவறாது.

நேரமும் சுருங்கிவிட்டது. முன்பெல்லாம் இஷாத் தொழுகை முடிந்து, உணவு முடிந்து, தலைவர்களின் உரை முடிந்து பாட்டு தொடங்கினால், நள்ளிரவைத் தாண்டி ஓடும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. அரசு விரும்பினால் ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். 2005இல் உச்ச நீதிமன்றமும் அவ்விதிகளை உறுதி செய்தது. இது நல்ல சட்டமே. நோயாளிகளும் படிக்கும் பிள்ளைகளும் உறங்க வேண்டும். நாம் கேட்பது வேறு. பத்து மணிக்கு ஒலிபெருக்கி நிற்குமென்று தெரிந்தும், ஒன்பதரை வரை மேடையில் பேசுவோர் யார்? வரவேற்புரை ஒருவர், தலைமையுரை ஒருவர், முன்னிலை அறுவர், வாழ்த்துரை எழுவர்! எஞ்சிய அரைமணி நேரத்தில் பாடகர் பத்துப் பாட்டைப் பாட வேண்டும். பாடாவிட்டால், “முழுக் கச்சேரி நடக்கவில்லையே, முழுப்பணம் எப்படிக் கொடுப்பது?” என்று பேசியே நேரத்தைத் தின்றவர்கள் கேட்கிறார்கள்.

தொண்டை என்பது தோல் போர்த்திய ஒலிபெருக்கி அன்று. குரல்வளைக்குள் இருப்பவை இரண்டு சிறு மடிப்புகள். ஆண்மகன் சாதாரணமாகப் பேசும்போதே அவை விநாடிக்கு நூறு தடவைக்கு மேல் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஐந்து கட்டைச் சுருதியில் மேல் சட்ஜமத்தைத் தொட்டு நிற்கும் பாடகருக்கு அது விநாடிக்கு ஏறத்தாழ 390 தடவை. மண்வெட்டி பிடித்த உள்ளங்கையில் காய்ப்புக் காய்ப்பதுபோல, ஓய்வின்றி உரத்துப் பாடுபவரின் மடிப்புகளிலும் சிறு முடிச்சுகள் தோன்றுகின்றன. முதலில் காலையில் மட்டும் கரகரக்கும். பிறகு மேல் சுரங்களில் காற்று கலக்கும். பிறகு ஒருநாள் மேடையிலேயே குரல் உடையும். தொடக்கத்திலேயே கண்டால் ஓய்வும் முறையான குரற்பயிற்சியும் பெரும்பாலும் போதும் என்கின்றனர் மருத்துவர்கள். ஆனால் பருவம் ஒன்றரை மாதம் மட்டுமே என்னும்போது, எந்தப் பாடகர் ஓய்வெடுப்பார்? ஓய்வெடுத்தவரின் வீட்டில் யார் உலை வைப்பார்?

இதில் விழாக் குழுவினர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. தன் குரல் தன் காதில் விழாத மனிதன், தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறான். பிரெஞ்சு மருத்துவர் லொம்பார் என்பவர் நூறாண்டுக்கு முன்பே கண்டு சொன்ன உண்மை இது. ஆகவேதான் மேடையில் பாடகரை நோக்கித் திரும்பிய ஒலிபெருக்கி ஒன்றோ இரண்டோ வைப்பது வழக்கம். ஒலியமைப்பாளர் அதற்கு வாடகை கேட்டால், நம்மவர் கூறுவதென்ன? “ஜனங்கள் பக்கம் இருந்தால் போதும். அவர் பாடுவது அவருக்கு எதற்குக் கேட்க வேண்டும்?” இதை ஒருவர் சொல்ல நாம் நேரில் கேட்டிருக்கிறோம், சுற்றியிருந்தோர் சிரித்தனர். அந்தச் சிரிப்பின் விலையை ஒருவரது குரல்வளை கொடுத்துக் கொண்டிருக்கிறது.

“திறமை இருந்தால் ஹனீபா ஆகியிருக்க மாட்டாரா?” என்பது நம் எதிர்வாதிகளின் பேராயுதம். இசை முரசு நாகூர் இ. எம். ஹனீபா அவர்களை இவ்வழக்கில் சாட்சிக்கு அழைப்பதில் நமக்கும் மகிழ்ச்சியே. 1919இல் பிறந்து 2015இல் மறைந்த அப்பெரியவர், தொண்ணூற்றைந்து ஆண்டு வாழ்வின் பெரும்பகுதியை மேடைகளிலேயே கழித்தவர். திராவிட இயக்க மேடைகளிலும் பாடினார். தர்கா வாயில்களிலும் பாடினார். மேலவை உறுப்பினராகவும், வக்பு வாரியத் தலைவராகவும் இருந்தார். கலைமாமணி விருது பெற்றார். அத்தகையவரே 2002இல் வாணியம்பாடி இடைத்தேர்தலில் நின்றபோது தோற்றார். கேட்ட காதெல்லாம் வாக்காவதில்லை! ஆயினும் அவர் அடைந்தது பெரும் புகழ்; அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள். ஒரு நூற்றாண்டில் ஒருவரைக் காட்டி, “இதோ, இத்தொழிலில் எந்தக் குறையுமில்லை” என்பது நியாயமாகுமா? ஊரில் ஒருவர் மாடிவீடு கட்டினார் என்பதற்காக மற்றோர் வீட்டுக் கூரை ஒழுகாமல் போய்விடுமா?

அதுமட்டுமன்று. ஹனீபா அவர்களின் புகழே பின்வந்தோருக்கு நம்மால் ஒரு தளையாக ஆக்கப்பட்டுவிட்டது. இளம்பாடகர் ஒருவர் புதுப்பாடல் எழுதுவித்து, மெட்டமைத்து, மாதக்கணக்கில் பழகி மேடையேறுகிறார். இரண்டாம் பாட்டிலேயே துண்டுச்சீட்டு வருகிறது: ‘ஹனீபா பாட்டுப் பாடவும்.’ மூன்றாம் பாட்டில் பின்வரிசையிலிருந்து கூச்சல் வருகிறது. பாடினால், “அவரைப் போல வரவில்லையே” என்கிறோம். அவரைப் போலவே வந்துவிட்டால், “சொந்தச் சரக்கில்லை” என்கிறோம். ஹனீபா அவர்கள் பாடத் தொடங்கிய நாளில் அவரும் புதுப்பாடகரே. புலவர் ஆபிதீன், நாகூர் சலீம் போன்ற கவிஞர்கள் எழுதியவை அன்று புதுப்பாடல்களே. நம் பாட்டனார்கள் அப்புதுமையைக் காது கொடுத்துக் கேட்டார்கள். அந்தப் பொறுமை பேரர்களாகிய நம்மிடம் எங்கே போயிற்று?

இனி, இசையே கூடாது என்று கூறும் அன்பர்களிடம் வருவோம். இது பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை நாம் அறிவோம். இசைக்கருவிகளை விலக்குவோர் உளர். தஃப் ஒன்றை மட்டும் அனுமதிப்போர் உளர். இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் இசை கேட்பதன் ஒழுங்கைப் பற்றித் தனி நூற்பகுதியே எழுதினார். அந்தலூசிய அறிஞர் இப்னு ஹஸ்ம் தடைசெய்வோரின் சான்றுகள் வலுவற்றவை என்று வாதிட்டார். தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கில்லை. நாம் அதில் இறங்கவும் போவதில்லை. கூடாது என்று மனமார நம்பி, கச்சேரி வைக்காமலும் கேளாமலும் இருப்பவரை நாம் மதிக்கிறோம். அவரோடு நமக்கு வழக்கில்லை.

நம் வழக்கு வேறொருவரோடு. மேடை போடும்போது இசை கூடும். தலைவர்கள் வரும்வரை கூட்டத்தைக் கலையாமல் காக்க இசை கூடும். தன் கைப்பேசியின் அழைப்பொலியாகக் கூட அதே பாடல் கூடும். கணக்குத் தீர்க்கும் நேரத்தில் மட்டும், “என்ன இருந்தாலும் பாட்டுப் பாடி வாங்குகிற காசுதானே” என்று அவருக்கு மார்க்கம் நினைவுக்கு வந்துவிடும்! ஹராம் என்று கருதினால் அழைக்காதீர்கள். அழைத்தீர்களானால் பேசியதைக் கொடுங்கள். கூலியையும் உழைப்பாளியின் வியர்வையையும் பற்றிய நபிமொழியை மேடையில் முழங்கிவிட்டு, அதே மேடையின் பின்புறம் நின்று பேரம் பேசுவது எந்த மத்ஹபில் உள்ளது? கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். அந்த வேதத்தை உடைய நாம், கச்சேரிக்காரரோடு ஒரு துண்டுக் காகிதத்தில் கூட ஒப்பந்தம் எழுதிக் கொள்வதில்லை. வாய்வார்த்தை! அதுவும் கச்சேரி முடிந்ததும் மறந்துபோகும் வாய்வார்த்தை.

குடும்பங்களில் படிக்கப்படும் ஏடு இது. ஆதலால், தாய்மார்களுக்கும் ஒரு சொல். உங்கள் வீட்டு நிக்காஹில் மணமகனை வாழ்த்திப் பாட வந்த அந்த இளைஞரின் குரலைக் கேட்டு, சமையற்கட்டிலிருந்து பெண்களெல்லாம் வாயிற்பக்கம் வந்து நின்றீர்கள். அதே இளைஞருக்காக ஒரு பெரியவர் உங்கள் வீட்டில் பெண் கேட்டு வந்தால் என்ன நடக்கும்? “மாப்பிள்ளைக்கு என்ன தொழில்?” “கச்சேரி நடத்துகிறார்.” “அதைக் கேட்கவில்லை, தொழில் என்ன?” இப்படிக் கேட்டவரை நாம் அறிவோம். கேட்கப்பட்டவரையும் அறிவோம். அவர் இறுதியில் துணிக்கடையொன்றில் கணக்கெழுதச் சேர்ந்த பின்னரே திருமணம் நடந்தது. பாட்டு வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு ஒதுங்கியது. பின்னர் வளைகுடா நாட்டுக்குச் சென்றார். ஊரில் உள்ளோர், “அருமையான குரல், வீணாகிவிட்டது” என்று வருந்துகிறார்கள். வீணாக்கியது யார் என்று அவர்களைக் கேட்கும் துணிவு நமக்கு அன்று இல்லை.

மணமானவர்களின் நிலையும் மெச்சத்தக்கதன்று. பெருநாள் இரவில் எல்லார் வீட்டிலும் தந்தை இருக்கிறார். பாடகர் வீட்டில் இல்லை. உறவினர் திருமணத்துக்குச் சென்றாலும் உட்கார்ந்து சாப்பிட விடுவதில்லை, “மாமா, ஒரே ஒரு பாட்டு!” இரவு முழுதும் கண்விழித்து வேனில் வந்திறங்கி, பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் உறங்கப் போகிறவரைப் பற்றி அண்டை வீட்டார் சொல்வதோ, “அவருக்கென்ன, பகலெல்லாம் தூக்கம்!”

ஒலிநாடாக் காலத்துக்கு வருவோம். ஒரு பாடகர் பத்துப் பாடல்களைப் பாடிக் கொடுத்தால், ஒரு தொகையைக் கையில் கொடுத்து ஒரு தாளில் கையொப்பம் வாங்கிவிடுவது வழக்கமாக இருந்தது. அத்தாளில் என்ன எழுதியிருக்கிறதென்று படித்தவர் அரிது. ஆங்கிலத்தில் இருந்தால் அதுவும் இல்லை. நாடா குறுந்தகடாயிற்று, குறுந்தகடு இணையத்துக்குச் சென்றது. இன்று அதே குரல் கோடிக்கணக்கான கைப்பேசிகள் புழங்கும் உலகில் எவரெவரோ ஏற்றிய படங்களின் பின்னணியில் ஒலித்துக் கொண்டிருக்கிறது. பல இடங்களில் பாடியவர் பெயரும் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்பது நம் சமுதாயத்துக்குப் பெருமை தேடித்தந்த பழமொழி. நாமோ, பாடகர் செத்த பின்னும் அவர் குரலிடமிருந்து வாங்கிக் கொண்டே இருக்கிறோம். உமறுப் புலவரைச் சீதக்காதி வள்ளலும், அவருக்குப் பின் அபுல் காசிம் மரைக்காயரும் தாங்கியதால் அல்லவோ நமக்குச் சீறாப்புராணம் கிடைத்தது!

சட்டம் இவ்விஷயத்தில் நம்மைவிடப் பண்புடையதாக இருக்கிறது. 2012இல் திருத்தப்பட்ட நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, தம் பாட்டு வணிகமாகப் பயன்படுத்தப்பட்டால் அதில் பங்கு பெறும் உரிமை பாடகருக்கு உண்டு. பாடியவர் இன்னார் என்று குறிப்பிடப்படும் உரிமையும் அச்சட்டத்தில் உண்டு. பாடியவருக்குரிய அவ்வுரிமையின் காலம் 50 ஆண்டுகள். பின்னணிப் பாடகர்கள் 2013இலேயே தங்களுக்கென உரிமைச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்து கொண்டு பங்கைக் கேட்டு வாங்கத் தொடங்கிவிட்டனர். நம் கச்சேரிப் பாடகர்களில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருப்பர்? ஊருக்கு ஒரு வழக்கறிஞராவது நம்மவரில் இருக்கிறார். மேடைக்கு அழைத்தால் பொன்னாடை பெற வந்துவிடுகிறார். அவர் ஒருநாள் மாலை பாடகர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அந்தப் பழைய தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லலாகாதா?

‘பாடகர் பணத்தைப் பற்றிப் பேசலாமா? அது கலையின் கண்ணியத்துக்கு இழுக்கல்லவா?’ என்று மென்மையாகக் கேட்பவரும் உண்டு. எகிப்து நாட்டு உம்மு குல்தூம் அம்மையாரை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். சிற்றூர் இமாம் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது ஆண்பிள்ளை உடை தரித்து, தந்தையோடும் தமையனோடும் ஊர் ஊராகச் சென்று சமயப் பாடல்களைப் பாடியவர். பின்னர்க் கெய்ரோவில் தமக்கென வாத்தியக் குழுவை அமைத்து, மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவுகளில் அவர் பாடிய கச்சேரிகள் வானொலியில் ஒலித்தபோது அரபுலகமே செவிசாய்த்தது. அவர் கட்டணத்தில் கறாரானவர். ஒப்பந்தத்தில் அதைவிடக் கறாரானவர். இசைக் கலைஞர்களின் சங்கத்துக்கு ஆண்டுக்கணக்கில் தலைமையும் தாங்கினார். 1967இல் தாய்நாடு போரில் தோற்று நின்றபோது, நாடு நாடாகச் சென்று பாடித் திரட்டிய பெரும் பொருளை அரசுக்கு அளித்தவரும் அவரே. தன் கூலியைக் கேட்டு வாங்கத் தெரிந்த கைதான் அள்ளிக் கொடுக்கவும் செய்தது. 1975இல் அவர் மறைந்தபோது கெய்ரோவின் வீதிகள் மக்கள் வெள்ளத்தில் மூழ்கின. பணத்தைப் பற்றிப் பேசினார் என்பதால் அவர் கண்ணியம் குறைந்ததென்று அந்த வெள்ளத்தில் ஒருவரும் எண்ணியிருக்க மாட்டார்.

முன்னணிப் பாடகர்கள் எல்லாரும் குற்றமற்றோர் என்று நாம் கூறவில்லை. வாத்தியக்காரருக்குரியதைத் தாமே வைத்துக்கொள்வோர் உண்டு. ஒரே இரவில் இரண்டு ஊர்களுக்கு ஒப்புக்கொண்டு ஓர் ஊரைக் காக்க வைப்போரும் உண்டு. அவர்கள் மீது வழக்குத் தொடுப்பவருக்கும் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்தானே பிடி கிடைக்கும்? முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது, எத்தனை மணிக்கு மேடை அவர் கைக்கு வரும், மழை வந்தால் என்ன, பாடகரை நோக்கிய ஒலிபெருக்கிக்கு யார் பொறுப்பு என ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையொப்பமிட எவ்வளவு நேரமாகும்? தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

நம் கூண்டுக்கு வருகிறோம். 2009ஆம் ஆண்டு மார்ச் மாதம், கடற்கரை ஊரொன்றில் மீலாது விழா. வரவேற்புக் குழுவில் நாமும் ஒருவர். இன்னிசைக் குழுவுக்குப் பேசியது 25,000 ரூபாய். அன்று பாடகர் நன்றாகவே பாடினார். காய்ச்சலோடு பாடினார் என்பது பின்னர்தான் தெரிந்தது. முடிந்ததும் பொன்னாடை போர்த்தப்பட்டது. உறை ஒன்று கையில் வைக்கப்பட்டது. அந்த உறையில் 18,000தான் இருந்தது. மீதி வரவேற்புத் தட்டிகளின் கூடுதல் செலவுக்குப் போய்விட்டது. பணத்தைப் பிரித்து எடுத்தபோது நாம் அருகில்தான் நின்றோம். “விடுங்க, நானா ஒண்ணும் சொல்ல மாட்டார்” என்றார் பொறுப்பாளர். நானா ஒன்றும் சொல்லவில்லை. உறையின் கனத்தை விரலால் அறிந்தார், “அல்ஹம்துலில்லாஹ்” என்றார், வேனில் ஏறினார். நாமும் ஒன்றும் சொல்லவில்லை.

2023இல் வேறொரு வேலையாக அவர் ஊருக்குச் சென்றிருந்தோம். மேடையை விட்டு விலகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பேச்சும் கரகரத்தே வந்தது. மீதி 7,000 ரூபாயை முன்னால் வைத்து, எதற்கென்று சொன்னோம். மறுப்பார் என்று எதிர்பார்த்தோம். உள்ளூர விரும்பினோம் என்று கூடச் சொல்லலாம். அவர் மறுக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளாக எண்ணினார். எண்ணி முடித்ததும், தொகையைச் சிறு சிறு பங்குகளாகப் பாயின் மேல் பிரித்து வைத்தார். ஒரு பங்கை மட்டும் தனியே எடுத்து மடித்து, உள்ளே திரும்பி மனைவியிடம் கேட்டார்:

“தபேலாக்காரர் மவுத்தாகிவிட்டாரே. அவர் மகன் இப்போது எந்த ஊரில் இருக்கிறான்?”